பெயர் நம்முடையது, சாவி எவன் கையில்?

"உங்கள் கடையின் பெயர் இன்று மாலையோடு கூகுளிலிருந்து எடுக்கப்படும். எடுக்காமல் இருக்க வேண்டுமானால் உடனே பணம் கட்டுங்கள்!"

வடசென்னையின் சிறு கடைகளில் அடிக்கடி ஒலிக்கும் தொலைபேசிக் குரல் இது. ராயபுரத்தில் தையல் மெஷின் போட்டிருப்பவர், காசிமேட்டில் படகு இஞ்சின் பழுது பார்ப்பவர், திருவொற்றியூரில் மோட்டாருக்குக் காயில் கட்டுபவர், எண்ணூரில் மெஸ் நடத்தும் அம்மாள் - ஒருவரையும் அந்தக் குரல் விடுவதில்லை. "நாங்கள் கூகுள் கம்பெனியிலிருந்து பேசுகிறோம்" என்றே அது ஆரம்பிக்கிறது.

பச்சைப் பொய்! கடையின் பெயரை அந்த வரைபடத்தில் ஏற்றுவதற்குக் காலணா கட்டணம் கிடையாது. பணம் கொடுத்து முதல் வரிசையில் இடம் வாங்கவும் முடியாது என்று அந்தக் கம்பெனியே எழுதி வைத்திருக்கிறது. தேடுபவர் கேட்டதற்கு எது பொருத்தம், எது பக்கத்தில் இருக்கிறது, எதற்கு நாலு பேரிடம் பெயர் இருக்கிறது - இந்த மூன்றையும் பார்த்துத்தான் வரிசை அமைகிறது என்று அது சொல்கிறது. மேலே தெரியும் விளம்பர இடம் மட்டும் காசுக்கு. அது வேறு கணக்கு. அப்படியிருக்க, "உங்களை நம்பர் ஒன் ஆக்குகிறோம்" என்று சொல்லி மாதாமாதம் பணம் கறப்பவனுக்கு என்ன பெயர் வைப்பது?

ஒரு கடையின் கதை

திருவொற்றியூரில் ஒரு தோழர். அவருடைய தகப்பனார் பெரம்பூர் பின்னி மில்லில் தறி ஓட்டியவர். 1996-ல் மில் மூடப்பட்டது. குடும்பம் தெருவுக்கு வந்தது. மகன் காயில் கட்டும் வேலையைக் கற்று, பத்தடிக்கு எட்டடி இடத்தில் கடை போட்டார். பட்டறைக்காரர்கள் வந்தார்கள், வீட்டுக்காரர்கள் வந்தார்கள். "அந்தத் தம்பி கட்டினால் மறுபடியும் எரியாது" என்ற பேர் கிடைத்தது. அந்தப் பேரைச் சம்பாதிக்க அவருக்கு இருபது வருஷம் ஆயிற்று.

இன்று பம்பு எரிந்துபோன வீட்டுக்காரர் பக்கத்து வீட்டில் போய் விசாரிப்பதில்லை. கையிலிருக்கும் செல்போனைக் கேட்கிறார். அது மூன்று கடைகளை முதலில் காட்டுகிறது. அந்த மூன்றில் இல்லாத கடைக்கு அன்று கிராக்கி இல்லை. இந்த நிலையில் ஒரு வாலிபர் கடைக்கு வந்தார். "பதிவு, போட்டோ, பாராட்டு எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். மாதம் 1,500 ரூபாய் கொடுத்தால் போதும்" என்றார். தோழர் சம்மதித்தார்.

எட்டு மாதம் கழித்து வேலை மந்தமாகி, பணம் கட்ட முடியவில்லை. உடனே என்ன நடந்தது? பதிவில் இருந்த தொலைபேசி எண் மாறிப்போயிற்று! தோழரின் கடைப் பெயரைப் பார்த்துக் கூப்பிட்டவர்கள் வேறொரு கடைக்காரனிடம் பேசினார்கள். "என் பதிவை என்னிடம் கொடுங்கள்" என்று தோழர் கேட்டார். "அது எங்கள் கணக்கில் இருக்கிறது, பாக்கியைத் தீர்த்தால் யோசிக்கலாம்" என்று பதில் வந்தது.

கடை தோழருடையது. கை தோழருடையது. இருபது வருஷத்துப் பேர் தோழருடையது. சாவி மட்டும் தரகன் மடியில்!

இது எப்படி நடக்கிறது?

விஷயம் சிக்கலானதல்ல, சிக்கலானது என்று நினைக்கவைப்பதில்தான் தரகனின் பிழைப்பே இருக்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தலைமை உரிமையாளர் உண்டு. அவருக்குக் கீழே மேலாளர்களைச் சேர்க்கலாம். மேலாளர் போட்டோ ஏற்றலாம், வாடிக்கைக்காரரின் விமர்சனத்துக்குப் பதில் எழுதலாம், கடை திறக்கும் நேரத்தைத் திருத்தலாம். உரிமையாளரை வெளியே தள்ள அவரால் முடியாது. அவரை எப்போது வேண்டுமானாலும் நீக்கும் அதிகாரம் உரிமையாளருக்கு உண்டு.

நேர்மையான ஏஜென்சிக்காரர் கடைக்காரரின் பெயரிலேயே பதிவை ஏற்றி, தம்மை மேலாளராக மட்டும் சேர்த்துக்கொள்கிறார். கொள்ளைக்காரன் தன் மின்னஞ்சலில் பதிவை ஏற்றித் தன்னையே உரிமையாளனாக்கிக்கொள்கிறான். கடைக்காரருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. எவரும் சொல்லவும் மாட்டார்கள்.

பதிவு இலவசம் என்பதைக் கடைக்காரரிடம் சொல்ல வேண்டும், கேட்டால் உரிமையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஏஜென்சிகளுக்குக் கூகுள் விதி போட்டிருக்கிறது. விதி இருக்கிறது; அமல் எங்கே? ஏமாந்த கடைக்காரர் போய் நிற்க நம் பேட்டையில் ஒரு ஜன்னல் உண்டா? தமிழில் பதில் சொல்ல ஒரு குமாஸ்தா உண்டா?

இன்னொரு கொடுமை பாராட்டு வியாபாரம். கடைக்கே வராதவன் ஐந்து நட்சத்திரம் போடுகிறான். போட்டிக் கடைக்கு ஒரு நட்சத்திரம் போட்டு ஏசுகிறான். இது உலகம் முழுவதும் நடக்கிறது. 350-க்கு மேற்பட்ட போலிக் கடைப் பதிவுகளையும் 14,000 போலிப் பாராட்டுகளையும் உண்டாக்கியதாக ஒருவர் மீது 2023-ல் கலிபோர்னியாவில் கூகுளே வழக்குத் தொடுத்தது. நம் நாட்டில் 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஐ.எஸ். 19000 என்று ஒரு விதிமுறையை வெளியிட்டது. ஆனால் அதைக் கட்டாயமாக்காமல் முதலாளிகளின் விருப்பத்துக்கு விட்டார்கள். திருடனைப் பார்த்து, "விருப்பமிருந்தால் திருடாதே" என்று சொன்னது போல!

பதிவேட்டில் பெயர் - பழைய போராட்டம்

தோழர்களே! பதிவேட்டில் யார் பெயர் ஏறுகிறது என்பது உழைப்பாளிக்குப் புதிய கேள்வியா?

துறைமுகத் தொழிலாளியைக் கேளுங்கள். ஒரு காலத்தில் மேஸ்திரி விரலைக் காட்டிக் கூப்பிட்டவனுக்குத்தான் அன்று வேலை. கூப்பிட்டதற்குக் கூலியில் பங்கும் அழ வேண்டும். கப்பலில் மூட்டை ஏற்றியவன் தொழிலாளி; அவன் பெயர் இருந்ததோ மேஸ்திரியின் வாயில். தொழிலாளியின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றி, முறைப்படி வேலை கொடுக்க 1948-ல் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குச் சட்டம் வந்தது.

தஞ்சை மண்ணின் விவசாயத் தொழிலாளியைக் கேளுங்கள். தலைமுறை தலைமுறையாக நிலத்தை உழுதவன் ஒருவன்; கணக்கில் பெயர் வேறொருவனுக்கு. தான் சாகுபடி செய்தவன் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் வெளியே தள்ளப்பட்டவர்கள் எத்தனை பேர்! செங்கொடியின் கீழ் விவசாயிகள் திரண்டு போராடிய பிறகே 1952-ல் தஞ்சை சாகுபடியாளர் - பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்ற 1969-ல் தனிச் சட்டம் வந்தது.

அன்று மேஸ்திரியின் வாய். அடுத்தது பண்ணையாரின் கணக்கு. இன்று ஏஜென்சிக்காரனின் மின்னஞ்சல். வேஷம் மாறியது, வேலை மாறவில்லை. உழைத்துப் பேர் சம்பாதிப்பவன் ஒருவன். பேரைப் பூட்டிவைத்து வாடகை வாங்குபவன் இன்னொருவன்.

சின்ன மீனும் திமிங்கலமும்

ஆனால் தரகனோடு நம் பார்வை நின்றுவிடக் கூடாது. அவன் சின்ன மீன். திமிங்கலங்கள் ஆழத்தில் இருக்கின்றன.

1996-ல் ஆரம்பித்த ஜஸ்ட் டயல் கம்பெனி, ஊர் ஊராகக் கடைகளின் பெயரையும் எண்ணையும் திரட்டி வளர்ந்தது. அது திரட்டிய சரக்கு என்ன? நம் தெருக் கடைகளின் பெயர்கள்தாம்! 2021 ஜூலையில் அதன் 40.95 சதவீதப் பங்கை ரிலையன்ஸ் ரீடெயில் 3,497 கோடி ரூபாய்க்குப் பேசி முடித்தது. பிறகு பெரும்பான்மைப் பங்கும் அதன் கைக்குப் போயிற்று. தெருமுனை மளிகைக் கடைக்காரர் எந்தப் பெரிய கடையோடு போட்டி போடுகிறாரோ, அந்தப் பெரிய கடையின் முதலாளி கையிலேயே இன்று சின்னக் கடைகளின் முகவரிப் புத்தகமும் இருக்கிறது. இதற்குப் பெயர் சுதந்திரப் போட்டியாம்!

கூகுளின் கதையோ உலகறிந்தது. தேடலில் பாரபட்சம் காட்டியதாகச் சென்னையிலுள்ள மேட்ரிமோனி டாட் காம் கம்பெனியும் ஒரு நுகர்வோர் அமைப்பும் 2012-ல் புகார் செய்தன. 2018 பிப்ரவரியில் இந்தியப் போட்டி ஆணையம் 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனி மேல்முறையீட்டுக்கு ஓடிற்று. ஐரோப்பாவில் 2017-ல் விதித்த 242 கோடி யூரோ அபராதத்தை 2024-ல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதே 2024 ஆகஸ்டில், தேடல் துறையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்து வருகிறது என்று அமெரிக்க நீதிபதியே தீர்ப்பளித்தார். இப்படிப்பட்ட கம்பெனி நம் கடைக்கு "இலவசமாக" இடம் தருகிறது என்றால், தர்மத்துக்கா? நம் கடைகளின் பெயர்கள் இல்லாவிட்டால் அந்த வரைபடம் வெறும் கோடுகள்தானே! கடை திறக்கும் நேரம், போட்டோ, பாராட்டு - எல்லாம் ஜனங்கள் கூலியில்லாமல் எழுதிக் கொடுத்தவை. அந்தக் கூட்டத்தைக் காட்டித்தான் அது விளம்பரம் விற்கிறது. 2023-ம் வருஷத்தில் மட்டும் அதன் விளம்பர வருமானம் 23,700 கோடி டாலருக்கு மேல்!

சிலர் கேட்கிறார்கள்

"போட்டோ எடுப்பதும் எழுதுவதும் வேலை இல்லையா? அதற்குக் கூலி கேட்பது தப்பா?" என்று சிலர் கேட்கிறார்கள். தப்பே இல்லை. வேலைக்குக் கூலி கொடு என்று முதலில் சொன்னவர்கள் நாம். பதிவைச் சரியாக எழுதி, தப்பு முகவரியைத் திருத்தி, வாடிக்கைக்காரருக்கு மரியாதையாகப் பதில் எழுதுவது உழைப்புத்தான். திருவொற்றியூர் என்ற ஊர்ப் பெயரையே இங்கிலீஷில் நாலு விதமாக எழுதுகிறார்கள். அதை ஒழுங்குபடுத்தவே ஆள் வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்கு உரிய கூலியைக் கடைக்காரர் கொடுக்கட்டும். ஆனால் துணி வெளுக்கக் கொடுத்தால் துணியே உனக்குச் சொந்தமா?

இதையும் கவனியுங்கள்: தொலைபேசியில் பேசும் அந்தப் பெண் யார்? தெருத் தெருவாக வெயிலில் அலைந்து பதிவு சேர்க்கும் அந்த வாலிபர் யார்? ஆலைத் தொழிலாளியின் மகள். வயல் வேலை வற்றிப்போனதால் பட்டணம் வந்த விவசாயத் தொழிலாளியின் மகன். ஒரு நாளைக்கு இத்தனை அழைப்பு, ஒரு மாதத்துக்கு இத்தனை கடை என்று கணக்கு வைத்து விரட்டுகிறான் முதலாளி. எண்ணிக்கை குறைந்தால் சம்பளத்தில் வெட்டு, அல்லது வேலையே போயிற்று. பொய் சொல்லச் சொல்லித் தாளில் எழுதிக் கொடுப்பவன் அவன். ஏச்சு வாங்குவதோ நம் பிள்ளைகள். அவர்கள் நமக்கு எதிரிகளல்லர். அவர்களும் சங்கத்துக்கு வரவேண்டியவர்கள்.

"கடைக்காரனைப் பற்றித் தொழிலாளி கட்சிக்கு என்ன கவலை?" என்றும் கேட்கிறார்கள். மில்லை மூடித் தெருவில் தள்ளினீர்கள். தொழிலாளி கடை போட்டான். இப்போது கடையின் பெயரையும் பிடுங்கினால் அவன் எங்கே போவான்? நேற்றைய தொழிலாளிதான் இன்றைய சிறு கடைக்காரன். அவனும் நம்மவனே.

உடனே செய்ய வேண்டியவை

கடை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இன்று இரவே செல்போனை எடுத்துத் தன் கடைப் பெயரைத் தேடிப் பாருங்கள். எண்ணும் முகவரியும் சரியா? தலைமை உரிமையாளர் யார்? வேறொருவன் என்றால், உரிமை கேட்கும் விண்ணப்பத்தை அங்கேயே போடலாம். வைத்திருப்பவன் 3 நாளில் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கடையை நிரூபித்து நாமே உரிமை கோர வழி உண்டு. ரகசிய எண்ணைக் கேட்பவன் எவனாயிருந்தாலும் சொல்லாதீர்கள். பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் கொடுங்கள். தெரியாதவர்களுக்கு உதவ, ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும் வாரம் ஒரு மாலை நம் இளைஞர்கள் உட்கார வேண்டும்.

தனித்தனியே விழித்திருந்தால் மட்டும் போதாது. சர்க்காரிடம் நாம் கோருகிறோம்:

1. கடைப் பதிவின் உரிமை கடைக்காரருக்கே என்பதைச் சட்டமாக்கு! ஏஜென்சி ஒப்பந்தம் தமிழில், எழுத்தில் இருக்க வேண்டும்.

2. பாக்கிக்காகப் பதிவைப் பிடித்து வைப்பதையும், எண்ணை மாற்றுவதையும், பாராட்டு விற்பதையும் தண்டனைக்குரிய குற்றமாக்கு!

3. பெரிய கம்பெனிகள் தமிழில் புகார் கேட்டு, குறித்த நாளுக்குள் தீர்க்கும் அலுவலகத்தைச் சென்னையில் திறக்க வை!

4. மாநகராட்சியின் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் மண்டல அலுவலகங்களில் சிறு கடைக்காரர்களுக்கு இலவச உதவி மேஜை போடு!

5. அழைப்பு வேலையிலும் பதிவு வேலையிலும் உள்ள தொழிலாளருக்கு நிலையான சம்பளம், வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ. கொடு! எண்ணிக்கை குறைந்ததற்காகச் சம்பளம் வெட்டுவதை நிறுத்து!

மூட்டை தூக்கியவனின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றியது போராட்டம். நிலத்தை உழுதவனின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றியது போராட்டம். பட்டறையிலும் அடுப்படியிலும் தையல் மெஷினிலும் வியர்வை சிந்திச் சம்பாதித்த பேரை மீட்பதும் போராட்டத்தால்தான் முடியும்.

ராயபுரம் முதல் எண்ணூர் வரை, கடைக்காரரும் தொழிலாளியும் ஒன்று சேர்வோம்! உழைத்தவன் பெயர் உழைத்தவனுக்கே! சாவியை வாங்கியே தீருவோம்!