ஐநோடு எண் மட்டும் அடையாளம் ஆகாது

லினக்ஸ் படித்தவர்களிடம் ஒரு கோப்பை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டால், கோப்பு முறைமை ஒவ்வொரு கோப்புக்கும் தரும் எண்ணைச் சுட்டி, "ஐநோடு எண் போதும், பெயர் மாறினாலும் அது மாறாது" என்றே சொல்வார்கள். மும்பையின் சயான், மாட்டுங்கா பக்கம் கணினி படித்துவிட்டு பேக்அப் நிரல் எழுதப் போகும் நம் பிள்ளைகள் இதை அப்படியே நம்பக் கூடாது. நம்பினால் தொலைவது பிறருடைய தரவு.

"கணினி முழுவதிலும் அந்த எண் ஒன்றுதான் இருக்கும்" என்பது முதல் வாதம். அப்படியில்லை. எந்த எக்ஸ்ட்4 பார்ட்டிஷனிலும் வேர் அடைவின் எண் 2. பார்ட்டிஷன் இரண்டு இருந்தால் 2 என்ற எண்ணும் இரண்டு இடத்தில் இருக்கும். 12ஆம் எண் வீடு சயானிலும் உண்டு, தாராவியிலும் உண்டு. பின்கோடு 400022-ஆ, 400017-ஆ என்று பார்த்தால்தான் கடிதம் சரியாகச் சேரும். போசிக்ஸ் தரநிலையும் ஐநோடு எண்ணோடு சாதன எண்ணையும் சேர்த்தே அடையாளமாகக் கொள்கிறது.

"சரி, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் போதுமே" என்பது அடுத்த வாதம். பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையில் ஒவ்வொரு சப்வால்யூமின் வேர் அடைவுக்கும் எண் 256. ஸ்னாப்ஷாட் எடுத்தால் மூலத்தின் எண்களே அதிலும் இருக்கும். குழப்பம் வராதிருக்க, கர்னல் சப்வால்யூமுக்கு ஒன்றாகத் தற்காலிகச் சாதன எண் தருகிறது. கணினியை மறுபடி இயக்கினால் அது மாறலாம். என்எஃப்எஸ் வழியே பகிர்ந்தாலோ எல்லாம் ஒரே சாதனமாகத் தெரியக்கூடும். 2021இல் கர்னல் உருவாக்குநர்கள் இதைப் பற்றி நெடுக விவாதித்தார்கள். ஹார்ட் லிங்க் உள்ள இரு வேறு கோப்புகளுக்கு இரு எண்களும் ஒத்துப்போனால், டார் என்னும் காப்பக நிரல் அவற்றை ஒன்றென்று எண்ணி இரண்டாவதன் உள்ளடக்கத்தை எழுதாமலே விட்டுவிடும்.

"எண் மாறாது" என்பது மூன்றாவது. பல எடிட்டர்கள் புதுக் கோப்பு எழுதிப் பழைய பெயரை அதற்குச் சூட்டுகின்றன. பெயர் அதுவே, எண் வேறு. அழித்த கோப்பின் எண்ணோ அடுத்துப் பிறக்கும் கோப்புக்குப் போகலாம். இதற்காகவே என்எஃப்எஸ் அடையாளத்தில் தலைமுறை எண்ணையும் சேர்ப்பது வழக்கம். ஃபேட் முறைமையில் உள்ள பென் டிரைவில் ஐநோடே கிடையாது. லினக்ஸ்தான் ஓர் எண்ணை உண்டாக்கித் தருகிறது.

"எண்ணுக்கு 64 பிட் தாராளம்" என்பது கடைசி வாதம். விண்டோஸ் சர்வர் 2012-உடன் வந்த ரீஎஃப்எஸ் கோப்பு முறைமையோ 128 பிட் அடையாளத்தைக் கொண்டது; அது 64 பிட்டில் அடங்காது.

நிரலின் ஒரே ஓட்டத்துக்குள் ஹார்ட் லிங்க்கைக் கண்டுபிடிக்க இந்த எண் உதவும். நாள் கடந்து நினைவில் வைக்க வேண்டுமானால் அளவு, திருத்திய நேரம், செக்சம் ஆகியவற்றையும் சேர்த்துப் பதியுங்கள். ஐயம் வந்தால் இன்னொரு பிரதி எடுத்துவிடுங்கள். வீணான இடத்தை மீட்கலாம். விடுபட்ட கோப்பை மீட்க முடியாது.