தேசிங்குக்கு வைத்த டெஸ்ட்

செஞ்சியில் நண்பர் வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை. "பதினைஞ்சு வருஷ சர்வீஸ் சார்!" என்றார் குதிரைக்காரர். தலையாட்டினேன். முதல் வேட்டுக்கே குதிரை பறந்தது, மாப்பிள்ளை தரையில்! மறுநாள் மாவுக்கட்டுக் கையோடுதான் தாலி கட்டினார்.

பத்து ரூபாய் வவுச்சருக்கே கையெழுத்து கேட்கும் பி.காம். நான். ஓர் ஆளையே ஏற்றிவிடும்போது எதுவும் கேட்கவில்லை!

கால்நடை டாக்டர் என்றால் 1984 சட்டப்படி கவுன்சில் பதிவு எண் உண்டு, கேட்கலாம். குதிரைக்காரருக்கு ஏது? முன்பு அழைத்தவர்களை விசாரிக்கணும். குளம்பைத் தூக்கிக் காட்டச் சொல்லணும். மேளச் சத்தத்தில் நடத்திப் பார்க்கணும்.

1714-ல் போரில் மாண்ட நம்ம தேசிங்கு ராஜாவை, டில்லி பாதுஷா அடங்காத குதிரை மேல் ஏறிக் காட்டச் சொன்னதாகக் கதை. சர்வீஸ் எத்தனை வருஷம் என்றா கேட்டார்?