தண்ணீர் வரும் வழியிலேயே படங்களும் வரட்டும்

கேள்வி: எங்கள் ஊர்க் கண்மாயின் வரத்துக்கால்வாய் தூர்ந்து, சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. நல்ல மழை பெய்த வருடத்தில்கூட எங்கள் கடைசி மடைக்குத் தண்ணீர் வரவில்லை. கிராம சபையில் வாயால் சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை. கல்லூரியில் படிக்கும் என் மகள் செல்போனில் 63 போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள். இவற்றைச் சேர்த்து ஒரு வீடியோவாக ஆக்கிக் காட்ட முடியுமா? எங்களிடம் ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது.

– சிவகங்கை மாவட்ட வாசகி

பதில்: முடியும் சகோதரி. பயிரைப் பற்றிக் கேட்காமல் வீடியோவைப் பற்றிக் கேட்கிறாரே என்று மற்ற வாசகர்கள் நினைக்க வேண்டாம். தண்ணீர் வந்தால்தானே பயிர்!

முதலில் நான் பட்ட பாடு ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமக் கூட்டத்தில் பண்ணைக்குட்டை பற்றி எண்பது படங்கள் போட்டுக் காட்டினேன். இருபதாவது படத்திலேயே பாதிப்பேர் எழுந்து போய்விட்டார்கள். கடைசி வரை உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "எல்லாம் சரி தம்பி, இது எந்த ஊரு?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. பார்ப்பவர் இடத்தை அடையாளம் கண்டுகொள்ளும்படி ஒரு படம்கூட நான் வைக்கவில்லை. அன்று படித்த பாடம்தான் இந்தப் பதில்.

63 வேண்டாம், 14 போதும். அந்த 14 படங்களையும் தண்ணீர் வரும் வழியிலேயே அடுக்குங்கள். ஆற்றிலிருந்து கால்வாய் பிரியும் இடம் முதல் படம். கோயிலோ, பாலமோ, ஊர்ப் பெயர்ப் பலகையோ அதில் தெரிய வேண்டும். அடுத்து கால்வாய் நன்றாக இருக்கும் பகுதி. பிறகு கருவேலம் தொடங்கும் இடம், மண் மேடிட்ட இடம், அடைத்துக் கிடக்கும் குழாய்ப் பாலம், கண்மாய்க்குள் நுழையும் வாய், கடைசியாக உங்கள் மடையும் காய்ந்த வயலும். இப்படிப் பார்த்தால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று புரிந்துவிடும்.

இடையில் ஏதாவது ஒரு இடத்தின் படம் இல்லையென்றால் மகளை மறுபடி போய் எடுத்து வரச் சொல்லுங்கள். போனைப் படுக்கைவசமாகப் பிடிக்க வேண்டும். நிமிர்த்திப் பிடித்து எடுத்த படத்துக்கு டிவியில் இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கும். மண் மேட்டில் அடிக்கணக்குக் குறித்த ஒரு கம்பை நட்டு எடுங்கள். "ரொம்ப மேடாயிருக்கு" என்றால் வாக்குவாதம் வரும். கம்பில் மூன்றடி என்று தெரிந்தால் வராது.

இன்னொன்று முக்கியம். கால்வாய்க் கரையில் யாராவது வேலி போட்டிருந்தால் அவர் முகத்தையோ வீட்டு வாசலையோ படத்தில் காட்டாதீர்கள். கால்வாயின் அகலத்தை மட்டும் காட்டுங்கள். அளவு என்ன என்பதைப் புலப்படம் சொல்லும். ஆளைக் காட்டினால் பேச்சு கால்வாயை விட்டுச் சண்டைக்குப் போய்விடும்.

இனி லேப்டாப் வேலை. ஓப்பன்ஷாட் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருள் இலவசம். அதை அதன் சொந்த இணையதளத்தில் இருந்தே இறக்கிக்கொள்ளுங்கள்.

1. தேர்ந்தெடுத்த 14 படங்களையும் ஒரு தனி ஃபோல்டரில் நகல் எடுத்து 01, 02, 03 என்று பெயர் கொடுங்கள்.

2. 'இம்போர்ட் ஃபைல்ஸ்' வழியாகப் படங்களை உள்ளே கொண்டுவாருங்கள். வரிசை எண் இருப்பதால், இவற்றை 'இமேஜ் சீக்வென்ஸ்' ஆக எடுத்துக்கொள்ளவா என்று மென்பொருள் கேட்கலாம். 'நோ' கொடுங்கள். 'எஸ்' கொடுத்தால் 14 படமும் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடி மறைந்துவிடும்.

3. எல்லாப் படங்களையும் தேர்வு செய்து, மவுஸின் வலது பொத்தானை அழுத்தி 'ஆட் டு டைம்லைன்' கொடுங்கள். வரும் பெட்டியில் வரிசையைச் சரிபார்த்து, ஒரு படத்துக்கு 8 விநாடி என்று வையுங்கள். 14 படத்துக்கு 112 விநாடி, ஏறக்குறைய இரண்டு நிமிடம். கூட்டத்தில் அதற்கு மேல் பொறுமை இருக்காது. படம் சுழல்வது, பறப்பது எதுவும் வேண்டாம்.

4. சினிமாப் பாட்டு சேர்க்காதீர்கள். நீங்களே பேசுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, செல்போனில் பதிவு செய்யுங்கள். ஒரு படத்துக்கு ஒரு வாக்கியம் போதும். அந்த ஒலியை இன்னொரு வரிசையில் இழுத்து வைத்தால் சேர்ந்துவிடும்.

5. கடைசிப் படமாக உங்கள் கோரிக்கை இருக்கட்டும். ஒரு வெள்ளை அட்டையில், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை தூர்வார வேண்டும் என்று கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டோ எடுத்துச் சேருங்கள். கணினியில் தமிழ் தட்டச்சு தெரியவில்லையே என்ற கவலை இல்லை.

6. 'எக்ஸ்போர்ட் வீடியோ' போய் எம்பி4 வடிவில், 720 தரத்தில் சேமியுங்கள். பென்டிரைவில் போட்டு, ஊராட்சி அலுவலக டிவியில் முந்தின நாளே ஓட்டிப் பார்த்துவிடுங்கள். கூட்டம் பகலில் மரத்தடியில் என்றால் புரொஜெக்டர் வெளிச்சம் எடுபடாது. வீடியோவை ஊர் வாட்ஸ்அப் குழுவில் முதல் நாளே அனுப்பிவிட்டு, ஆறு படங்களைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போனாலும் அவை பேசும்.

ஒரு எச்சரிக்கை. செல்போனில் உள்ள அசல் படங்களை அழித்துவிடாதீர்கள். வீடியோ ஊருக்குப் புரியவைக்க. அசல் படம் அலுவலகத்தில் காட்ட. போனில் இருப்பிட வசதியை இயக்கி எடுத்த அசல் படத்துக்குள் தேதியும் இடமும் பதிந்திருக்கும். அதையே வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்த விவரங்கள் போய்விடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் நிற்கும்.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்கள் கிராம சபைக்கு உரியவை. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். கண்மாயைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. தூர்வாரும் வேலையும் மழைக்கு முன் கோடையில்தான் நடக்க முடியும்.

வீடியோ ஓடி முடிந்து எல்லோரும் கைதட்டியதும் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். உங்கள் கோரிக்கை தீர்மானமாகப் பதிவேட்டில் ஏறியதா என்று நின்று வாசித்துப் பாருங்கள். பிறகு அதன் நகலைக் கேட்டு வாங்கி, மனுவோடு இணைத்துக் கொடுங்கள். மழை வந்ததும், மகளை அதே இடங்களில் நின்று அதே 14 படங்களை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். தண்ணீர் வந்திருந்தால் ஊருக்கு நன்றி சொல்ல அவை உதவும். வராவிட்டால் அடுத்த கிராம சபையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.