முப்பது ஆண்டு ஆராய்ச்சிக்கு மூன்று ஆண்டு நிதியா?

ஆராய்ச்சிக்குப் பணமே இல்லை என்ற பழைய புலம்பலை இனி அப்படியே பாட முடியாது. 2025 ஜூலையில் ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்கத்துக்கென ஒரு லட்சம் கோடி ரூபாய் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதற்கு முன்பே, 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை அமைந்தது. ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் திரட்டிச் செலவிடுவது அதன் இலக்கு. அந்தப் பணம் எந்த ஆராய்ச்சிக்குப் போகிறது என்பதைத்தான் இனிப் பார்க்க வேண்டும்.

லட்சம் கோடி ரூபாய், ஆய்வகத்தில் ஓரளவு தேறிவிட்ட தொழில்நுட்பங்களுக்கு. தனியார் துறைக்குக் குறைந்த வட்டிக் கடனாகவும் பங்கு முதலீடாகவும் போகும். அறக்கட்டளையின் 50,000 கோடியில் அரசு தருவதோ 14,000 கோடிதான். மீதியைத் தொழில் நிறுவனங்களும் கொடையாளர்களும் தர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. பல்கலைக்கழகத்திலும் மருத்துவக் கல்லூரியிலும் நின்று நிதானமாக நடக்க வேண்டிய ஆய்வுக்குக் கிடைப்பது பெரும்பாலும் மூன்றாண்டு மானியம். இது தவறான கணக்கு.

கைக்குழந்தைகளுக்கு அரசு இலவசமாகத் தரும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தை எடுத்துக்கொள்வோம். கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் இந்த வைரஸால் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 78,000 குழந்தைகள் இறந்ததாக, தடுப்பூசித் திட்டத்தில் மருந்து சேர்வதற்கு முன் ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருந்தார்கள். 1980களின் நடுவில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் பிறந்த சில குழந்தைகளுக்கு வைரஸ் தொற்றியும் நோய் வரவில்லை; பின்னாளில் கடும் நோயிலிருந்தும் அவர்கள் தப்பினார்கள். டாக்டர் மகாராஜ் கிஷன் பான் குழுவினர் அவர்களிடமிருந்து பிரித்தெடுத்த 116-ஈ என்ற வைரஸ் வகைதான் ரோட்டாவேக் மருந்தின் மூலம். டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் சுமார் 6,800 குழந்தைகளிடம் நடந்த இறுதிக்கட்டச் சோதனையின் முடிவு 2014இல் வந்தது. 2016இல் நான்கு மாநிலங்களில் சொட்டு மருந்து தொடங்கியது. கண்டெடுத்த நாளிலிருந்து குழந்தையின் வாய்க்கு வந்து சேர ஏறக்குறைய முப்பது ஆண்டு.

கடும் ரோட்டா வயிற்றுப்போக்கை முதல் ஆண்டில் இந்த மருந்து சுமார் 56 சதவீதம் தடுத்தது. பணக்கார நாடுகளில் பிற ரோட்டா மருந்துகள் காட்டிய பலனோடு ஒப்பிட்டால் இது குறைவுதான். ஏன் குறைவு என்பதற்கு விடை வேலூரில் ஏற்கெனவே இருந்தது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ககன்தீப் காங் குழுவினர், நகரின் குடிசைப் பகுதிகளில் 373 குழந்தைகளைப் பிறந்தது முதல் மூன்று வயது வரை விடாமல் பின்தொடர்ந்தார்கள். வீடு வீடாகப் போய், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மலமாதிரி எடுத்து வந்தவர்கள் களப்பணியாளர்கள். மெக்சிகோவில் இரண்டு முறை தொற்றிய குழந்தைக்கு அடுத்து கடும் நோயே வருவதில்லை என்று 1996இல் தெரிந்திருந்தது. வேலூர்க் குழந்தைகளுக்கு மூன்று முறை தொற்றிய பிறகும் பாதுகாப்பு 79 சதவீதத்தோடு நின்றது. இந்த முடிவு வெளியானது 2011இல். குழந்தைகளைச் சேர்க்கத் தொடங்கியதோ 2002இல். இதை எந்த மூன்றாண்டுத் திட்ட அறிக்கைக்குள் அடைப்பது?

குழந்தைகள் விஷயம் என்றால் நிதி தருவார்கள், பழைய மரத்துக்கு யார் தருவார்கள் என்று கேட்கலாம். ஸ்வீடன் தந்தது. 1628இல் முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கிய வாசா போர்க்கப்பலை 1961இல் தூக்கினார்கள். மரம் சுருங்கி வெடிக்காமலிருக்கப் பாலிஎதிலீன் கிளைக்கால் கரைசலைப் பதினேழு ஆண்டுகள் அதன்மீது தெளித்தார்கள். 1979இல் தெளிப்பு முடிந்தது. 1990இல் அருங்காட்சியகமும் திறந்தாயிற்று. மழை மிகுந்த 2000ஆம் ஆண்டுக் கோடையில், ஈர உடையோடு வந்த பார்வையாளர் கூட்டத்தால் உள்ளே ஈரப்பதம் ஏறியது. மரத்தில் வெள்ளையும் மஞ்சளுமாக அமிலப் படிவுகள் பூத்தன. மாசடைந்த துறைமுக நீரில் மூன்று நூற்றாண்டு ஊறிய மரத்துக்குள் டன் கணக்கில் கந்தகம் புகுந்திருந்தது. துருப்பிடித்த ஆணிகளின் இரும்பு அதைக் கந்தக அமிலமாக மாற்றிக்கொண்டிருந்தது. பிறகுதான் காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாட்டைச் சீரமைத்து, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆணிகளை மாற்றினார்கள். 1979இலேயே கோப்பை மூடி ஆய்வாளர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் கப்பல் அருங்காட்சியகத்துக்குள்ளேயே கரைந்திருக்கும். பத்மநாபபுரம் அரண்மனையின் மரவேலைப்பாட்டையும் நம் கோயில் தேர்களையும் எத்தனை ஆய்வகங்கள் இப்படி ஆண்டுக்கணக்கில் கண்காணிக்கின்றன?

மூன்றாவது உதாரணம் இன்னும் நெருக்கமானது. திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த சி.வி.ராமன், 1928இல் கொல்கத்தாவில் ஒளிச்சிதறலை ஆராய்ந்தபோது அதில் தொழிற்சாலைக்கு உபயோகம் எதுவும் தென்படவில்லை. 1960இல் லேசர் வந்த பிறகே அது வசதியான கருவியானது. இன்று உயிரி மருந்து ஆலைகளில், செல்களை வளர்க்கும் பெரிய கலன்களுக்குள் ராமன் ஒளிக்கோல்களைச் செருகுகிறார்கள். கலனைத் திறந்து மாதிரி எடுத்தால் கிருமி புகும் ஆபத்து உண்டு. ஒளிக்கோலோ திறக்காமலே குளுக்கோஸ் எவ்வளவு, லாக்டேட் எவ்வளவு என்று சொல்லிவிடுகிறது. ராமன் சிதறலில் தண்ணீரின் குறுக்கீடு குறைவு என்பதால் நீர்க்கரைசலுக்கு அது பொருத்தமாகவும் அமைந்துவிட்டது. ஆனால் இக்கருவிகளை விற்கும் முன்னணி நிறுவனங்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கின்றன. விளைவுக்குப் பெயர் நம்முடையது, விலைச்சீட்டு அவர்களுடையது.

காலவரம்பு இல்லாவிட்டால் ஆய்வாளர்கள் அசந்துவிடுவார்கள், வரிப்பணம் வீணாகும் என்பது எதிர்வாதம். அதில் நியாயம் உண்டு. தூங்கி வழியும் ஆய்வகங்களை நாடு பார்க்காமலில்லை. ஆனால் தகுதியில்லை என்று மதிப்பிட்டு ஒரு ஆய்வை நிறுத்துவது வேறு, நிதியாண்டு முடிந்தது என்று நிறுத்துவது வேறு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை கடுமையாக மதிப்பிடட்டும், தரவுகளைப் பொதுவில் வைக்கச் சொல்லட்டும். தனியாருக்குப் பணம் போவதும் குற்றமில்லை. ரோட்டாவேக்கை ஆலையில் தயாரித்தது ஹைதராபாதின் பாரத் பயோடெக்தான். ஆனால் அரசு மருத்துவமனையில் 116-ஈயைக் கண்டெடுத்துப் பத்திரப்படுத்தியிருக்காவிட்டால் அந்த நிறுவனம் எதைத் தயாரித்திருக்கும்?

இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிடுவது உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். இந்தச் சிறு தொகையிலும் ஆய்வு மாணவருக்கான மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை பல மாதம் தள்ளிப்போகிறது என்ற புகார் ஓயவில்லை. அறக்கட்டளை தன் அரசு நிதியில் ஐந்தில் ஒரு பங்கையேனும் பத்தாண்டு மானியங்களுக்கு ஒதுக்க வேண்டும். பிறந்தது முதல் குழந்தைகளைப் பின்தொடரும் ஆய்வுகளும், வைரஸ் மாதிரிகளைக் காக்கும் உறைகலன்களும், களப்பணியாளரின் சம்பளமும் அதில் முதலில் வர வேண்டும்.

அறக்கட்டளையின் முதல் ஐந்தாண்டு 2028இல் முடிகிறது. ராமன் விளைவின் நூற்றாண்டும் அதே 2028 பிப்ரவரி 28 அன்றுதான். விழாக் குழுவை அறிவிப்பதற்கு முன், அடுத்த ஐந்தாண்டுக்கான நிதி விதிகளில் பத்தாண்டு மானியத்தை மத்திய அரசு எழுதிச் சேர்க்கட்டும்.