வறட்சி வானத்தின் குற்றம் மட்டுமல்ல

பெங்களூரு அல்சூர் சந்தையில் காய்கறி விலை ஏறும்போதெல்லாம், “மழை பொய்த்தது” என்று கூறி ஆட்சியாளர்கள் கைகழுவுகின்றனர். 2023இல் பருவமழை பொய்த்தது உண்மை. கர்நாடகத்தின் 236 வட்டங்களில் 223 வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. மாநிலம் கேட்ட நிவாரணம் 18,171 கோடி ரூபாய். மாதக்கணக்கில் இழுத்தடித்த மோடி அரசு, மாநிலம் உச்சநீதிமன்றத்தின் படியேறிய பின்னரே, 2024 ஏப்ரலில் சுமார் 3,454 கோடியை விடுவித்தது. கேட்டதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை!

எல் நினோ உலகுக்கே பொது. அதன் சுமை பொதுவன்று. பயிர் கருகினால் கடன் விவசாயியின் தலையில் விழுகிறது. களையெடுப்பும் அறுவடையுமின்றிக் கூலி இழப்பவர் நிலமற்ற விவசாயத் தொழிலாளி. ஏறிய விலையில் வாங்குபவர் அல்சூரின் உழைப்பாளி. ஆதாயமோ பதுக்குவோருக்கு. நிவாரணமும் கடன் தள்ளுபடியும் ஊரக வேலையும் சலுகையல்ல, உரிமை. அதற்காக வயலையும் நகரத்தையும் ஒரே களத்தில் திரட்டுவதே இன்றைய கடமை.