லெவல் 2 கிடைச்சிட்டுது, அதால என்ன?



போன எபிசோட்டில ஆட்டோமோட்டிவ் ஸ்பைஸ் பற்றிக் கதைச்சம். நேரம் போதாமல் விட்ட ஒரு விஷயத்தை இங்கே எழுதுறன்.

சில வருசத்துக்கு முதல் நான் ஒரு கார் உதிரிப்பாகக் கம்பனியில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தன். ஜெர்மன் கார் கம்பனிகள் தங்களுக்கு மென்பொருள் செய்து தருபவர்களை ஸ்பைஸ் மூலம் மதிப்பிடும். 0 முதல் 5 வரை லெவல். எங்கட டீமுக்கு லெவல் 2 வேணும் எண்டாங்கள். ஆறு மாதம் பிளான், ரிவியூ, ஆவணம் எண்டு ஓடினம். கிடைச்சுது. கேக்கும் வெட்டினம்.

வீட்டை வந்து அம்மாவிட்ட சொன்னன். "நல்லது பிள்ளை. அப்ப இனி வேலை கெதியா முடியுமோ?" எண்டு கேட்டா. என்னட்டப் பதில் இல்லை. அப்டேட்டுகள் முந்தின மாதிரியே பிந்தித்தான் போனது.

லெவல் 2 பொய்யில்லை. வேலை திட்டமிட்டு, கண்காணித்து நடக்கிறதா என்பதை அது காட்டும். ஆனால் அந்த வேலை கம்பனி போக நினைக்கும் இடத்துக்கு உதவுகிறதா என்பதைக் காட்டாது.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் கைசர்ஸ்லௌட்டர்னில் உள்ள ஃப்ரௌன்ஹோஃபர் ஐஈஎஸ்ஈ ஆய்வாளர்களும் அமெரிக்கப் பேராசிரியர் விக்டர் பசிலியும் சேர்ந்து ஜிக்யூஎம்+ஸ்ட்ராட்டஜீஸ் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். 2014இல் அது புத்தகமாகவும் வந்தது. மேலே கம்பனியின் இலக்கு, அதன் கீழே அதை அடையும் வழி, அதற்கும் கீழே டீமின் இலக்கு. ஒவ்வொரு இலக்குக்கும் ஓர் அளவு. அதோடு, "இந்த வழி சரிவரும் எண்டு ஏன் நம்புறம்?" என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

எங்கட டீமையே எடுங்கோ. இலக்கு: அப்டேட் கெதியாப் போகவேணும். வழி: ரிவியூவைக் கூட்டிப் பிழைகளை நேரத்தோட பிடிக்கிறது. நம்பிக்கை: தாமதத்துக்குக் காரணம் பிழைகள். இந்தக் கடைசி வரியை ஒருத்தரும் எழுதேல்லை, அளக்கவும் இல்லை. பிறகு திகதிகளை எடுத்துப் பார்த்தால், கூடுதலான நாள் போனது கையெழுத்துக்குக் காத்திருந்ததில! புது ரிவியூவோட நாங்கள் இன்னுமொரு கையெழுத்தையும் சேர்த்திருந்தம்.

எங்களில் கனபேர் இப்பதான் வேலைக்குப் போறம், மீட்டிங்கில வாய் திறக்கத் தயங்கிறம். ஆனால் அடுத்தமுறை ஒரு புது நடைமுறை வந்தால், "இது கம்பனியின்ர எந்த இலக்குக்கு? சரிவந்ததெண்டு எப்பிடி அறிவம்?" எண்டு கேளுங்கோ. அது மரியாதைக் குறைவில்லை. அம்மா கேட்டதும் அதைத்தான்.

உங்கட கதையையும் எழுதி அனுப்புங்கோ. அடுத்த எபிசோட்டில வாசிக்கிறம்.