கோடை நாடக விருதுகள்: கைதட்டுவது ரசிகர், மார்க் போடுவது யார்?

விருது விழா என்றாலே நமக்கு ஞாபகத்துக்கு வருவது சினிமாதான். சிவப்புக் கம்பளம், கேமரா, டிவியில் நான்கு மணி நேர ஒளிபரப்பு. ஆனால் சென்னையில் ஒவ்வொரு ஆண்டும் சத்தமே இல்லாமல் இன்னொரு வகை விருது விழாவும் நடக்கிறது. மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தி.நகர் பக்கத்து சபாக்களில் நடக்கும் மேடை நாடக விருது விழா. கம்பளம் கிடையாது. பொன்னாடை உண்டு, கேடயம் உண்டு. சிறந்த நடிகர் விருது வாங்கியவர் அடுத்த பத்து நிமிடத்தில் கேன்டீனில் உங்கள் பக்கத்தில் நின்று காபி குடித்துக்கொண்டிருப்பார்.

இந்த விருதுகளை யார் தருகிறார்கள்? எப்படித் தேர்வு செய்கிறார்கள்? டிக்கெட்டோ சந்தாவோ கட்டி நாடகம் பார்க்கும் ரசிகருக்கு இதில் என்ன பங்கு? விரிவாகப் பார்க்கலாம்.

எங்கே, எப்போது நடக்கிறது?

இதில் பலருக்கும் தெரிந்தது கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழா. 30 ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வருகிறது. ஏப்ரல், மே மாத வெயிலில் ஆழ்வார்பேட்டை டி.டி.கே. சாலையில் உள்ள நாரத கான சபா அரங்கில் நாடகங்கள் வரிசையாக மேடையேறும். இதன் சிறப்பே, வருவதெல்லாம் புது நாடகங்கள் என்பதுதான். நாடகக் குழுக்கள் மாதக்கணக்கில் ரிகர்சல் பார்த்து, முதல் காட்சியை இந்த விழாவில்தான் போடுகின்றன. நடுவர் குழு பார்த்து, சிறந்த நாடகம், கதை வசனம், இயக்கம், நடிகர், நடிகை என்று பரிசுகளை அறிவிக்கிறது.

டிசம்பர் சீசன் பாட்டுக்கு என்றால், கோடை நாடகத்துக்கு. ஆனால் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி யாருக்கு என்பது மறுநாள் பத்திரிகைகளில் செய்தியாகிறது. சிறந்த நாடகம் எது என்பது பெரும்பாலும் அரங்கத்துக்குள்ளேயே நின்றுவிடுகிறது.

இந்த மரபு எங்கிருந்து வந்தது?

1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபாவைத் தொடங்கினார். அதுவரை தொழில்முறைக் கம்பெனிகள் கையில் இருந்த நாடகத்தை, படித்து வேலைக்குப் போகிறவர்களும் நடிக்கலாம் என்று மாற்றியது அந்த சபா. அவருக்கு 1959-ல் பத்மபூஷண் கிடைத்தது.

அந்த வழியில் 1952-ல் ஒய்.ஜி.பார்த்தசாரதியும் பட்டுவும் யுனைட்டெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ் குழுவைத் தொடங்கினார்கள். கே.பாலசந்தரின் 'மேஜர் சந்திரகாந்த்', 'சர்வர் சுந்தரம்', சோவின் 'முகமது பின் துக்ளக்', கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' எல்லாமே மேடையில் பிறந்து பிறகு சினிமாவுக்குப் போனவை. 'தண்ணீர் தண்ணீர்' படம் 1981-க்கான சிறந்த தமிழ்ப் படம் என்ற தேசிய விருதை வாங்கியது. அந்தக் கதையை முதலில் பார்த்தவர்கள் நாடக ரசிகர்கள்தான்.

அன்று போலவே இன்றும் சபா நடிகர்களில் பெரும்பாலானோர் பகலில் வங்கியிலோ, ஐ.டி. கம்பெனியிலோ வேலை பார்ப்பவர்கள். லீவு போட்டு, மாலையில் மேக்கப் போட்டு மேடை ஏறுகிறவர்கள். அவர்களுக்கு இதில் வருமானம் பெரிதாகக் கிடையாது. அதனால்தான் ஒரு கேடயத்துக்கு அவ்வளவு மதிப்பு.

அரசு விருது இருக்கிறதே, அது போதாதா?

தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் வழங்கும் கலைமாமணி விருதில் நாடகக் கலைஞர்களும் இடம்பெறுகிறார்கள். தங்கப் பதக்கம், சான்றிதழ் எல்லாம் உண்டு. சிக்கல் காலதாமதம். 2011 முதல் 2018 வரை எட்டு ஆண்டுகளுக்கான விருதுகளை ஒரே மூச்சில் 201 பேருக்கு 2019-ல்தான் வழங்கினார்கள். 2021, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கான 90 பேர் பட்டியல் 2025 செப்டம்பரில்தான் வெளியானது.

தவிர, கலைமாமணி என்பது ஒரு கலைஞரின் மொத்தப் பணிக்கான கௌரவம். 'இந்த ஆண்டு இந்த நாடகம் நல்லா இருந்தது' என்று சொல்லும் விருது அல்ல. அந்த வேலையைச் செய்வது சபா விருதுகள்தான். பார்த்த நாடகத்தின் சூடு ஆறுவதற்குள் பரிசு வந்துவிடுகிறது.

அப்படியானால் பிரச்சனை எங்கே?

முதல் சிக்கல், நடுவர்கள் பார்ப்பது முதல் காட்சியை. நாடகம் சினிமா மாதிரி கிடையாது. பத்தாவது காட்சியில்தான் டைமிங் உட்காரும். எந்த வசனத்துக்கு ஜனம் சிரிக்கிறது, எந்த இடத்தில் நெளிகிறது என்று பார்த்துப் பார்த்து வெட்டி ஒட்டுவார்கள். கிரேஸி மோகனின் நாடகங்கள் நூற்றுக்கணக்கான முறை மேடையேறியவை. அவற்றை முதல் நாளை வைத்து மட்டும் எடை போட முடியுமா?

இரண்டாவது சிக்கல், விருதுக்குப் பிறகு என்ன என்பது. சபா நடைமுறை எளிமையானது. உறுப்பினர்கள் ஆண்டுச் சந்தா கட்டுவார்கள். சபா ஒரு தொகை பேசி நாடகக் குழுவை அழைக்கும். குழு அதில் செட், லைட், சவுண்ட், மேக்கப், வேன் வாடகை எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும். முன்பு ஒரு நாடகம் ஹிட் ஆனால் சபா சபாவாகச் சுற்றும். நாடகம் போடும் சபாக்கள் இப்போது குறைந்துவிட்டன. 1990-களில் தனியார் டிவிகள் வந்ததும் நடிகர்கள் சீரியலுக்குப் போனார்கள், பார்வையாளர்கள் சோபாவுக்குப் போனார்கள். விளைவு, சிறந்த நாடகம் என்று பரிசு வாங்கிய நாடகமே சில காட்சிகளோடு பெட்டிக்குள் போய்விடும் அபாயம் இருக்கிறது.

மூன்றாவது, ரசிகர்களின் வயது. முன்வரிசைகளில் தெரிவது பெரும்பாலும் நரைத்த தலைகள். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளால் லஸ், ஆழ்வார்பேட்டை, பனகல் பார்க், அடையாறு என்று சபா ரசிகர்கள் நடமாடும் பகுதிகள் முழுக்கத் தடுப்புகளையும் ஒருவழிப் பாதைகளையும் பார்த்துவிட்டன. எழுபது வயதுக்காரர் ஆறரை மணி நாடகத்துக்கு ஆட்டோ பிடித்து வந்து ஒன்பது மணிக்கு வீடு திரும்புவது லேசான காரியம் அல்ல. திருமயிலையும் ஆழ்வார்பேட்டையும் அந்த மெட்ரோ பாதையில்தான் வருகின்றன. ரயில் முழுசாக ஓடத் தொடங்கினால் இந்த ஒரு கஷ்டமாவது தீரும்.

வெளிநாட்டில் ரசிகருக்கு ஓட்டு உண்டா?

நியூயார்க்கின் டோனி விருதுகள் 1947-ல் தொடங்கியவை. அங்கே ஓட்டுப் போடுவது துறை சார்ந்தவர்கள். லண்டனில் கதை வேறு. 1976-ல் தொடங்கிய, இன்று ஒலிவியர் விருது என்று அறியப்படும் விருதின் தேர்வுக் குழுக்களில் சாதாரண ரசிகர்களும் உட்காருகிறார்கள். நாடகம் பார்ப்பதில் ஆர்வம் உள்ளவர்கள் விண்ணப்பித்து அந்த இடத்தைப் பெறலாம். அதே ஊரில் வாட்ஸ்ஆன்ஸ்டேஜ் விருதுகள் முழுக்க முழுக்கப் பார்வையாளர் ஓட்டில் முடிவாகின்றன.

இந்தியாவில் 2006 முதல் டெல்லியில் நடக்கும் மகிந்திரா நாடக விருதுகளுக்கு நடுவர் குழுதான். ஆனால் பார்வையாளர் ஓட்டு சென்னைக்குப் புதிது அல்ல. சிட்னியில் தொடங்கிய ஷார்ட் ப்ளஸ் ஸ்வீட் என்ற பத்து நிமிட நாடகப் போட்டி இங்கேயும் நடந்திருக்கிறது. அதில் நாடகம் பார்த்தவர்களும் பிடித்த நாடகத்துக்கு ஓட்டுப் போட்டார்கள்.

சபா விருதிலும் ரசிகர் ஓட்டு வரலாமா?

இதற்கு இரண்டு பக்கமும் வாதம் உண்டு. ஓட்டு என்று வந்தால், எந்தக் குழு அதிக உறவினர்களையும் அபார்ட்மென்ட் வாட்ஸ்ஆப் குரூப்பையும் கூட்டி வருகிறதோ அதுவே ஜெயிக்கும் என்ற பயம் நியாயமானது. காமெடிக்குக் கிடைக்கும் கைதட்டல், கனமான கதைக்கு அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. நடுவர் இருப்பதே அதற்காகத்தான்.

மறுபக்கம், விழாவின் எல்லா நாடகங்களையும் ஒரு நாள் விடாமல் பார்க்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். எந்த நடிகர் எந்த ஆண்டு எந்த வேடம் போட்டார் என்று கேட்டால் தேதியோடு சொல்வார்கள். அவர்களில் இரண்டு பேரை நடுவர் குழுவில் சேர்த்தால் கூட்டம் சேர்க்கிற வேலையும் நடக்காது, ரசிகரின் குரலும் உள்ளே வரும். லண்டன் செய்வது கிட்டத்தட்ட இதைத்தான்.

இன்னொரு யோசனை செலவு பற்றியது. பரிசுத் தொகையோடு, வென்ற நாடகத்துக்கு நகரின் மற்ற சபாக்களில் சில காட்சிகள் உறுதி என்று அறிவித்தால், நாடகக் குழுவுக்குக் கேடயத்தைவிட அது பெரிய பரிசு. 500 ரூபாய் வரை உள்ள நாடக டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருப்பதால், வரி பயம் இல்லாமல் குறைந்த விலையில் டிக்கெட் விற்கவும் முடியும்.

முதல் முறை போகிறவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

விருது விழா பெரும்பாலும் மாலையில்தான். இறைவணக்கம், வரவேற்புரை, சிறப்பு விருந்தினர் பேச்சு முடிந்துதான் பரிசுகள். கொஞ்சம் பொறுமை வேண்டும். விருது வாங்குபவர்கள் மேடையை விட்டு இறங்கியதும் நேராகப் போய்ப் பேசலாம், செல்ஃபி கேட்கலாம். பவுன்சர் யாரும் தடுக்க மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள்: 'அடுத்த காட்சி எங்கே, என்றைக்கு?' அந்தக் கேள்விக்கு அவர்களிடம் ஒரு தேதி இருக்கிறதா என்பதை வைத்தே அந்த விருது எவ்வளவு தூரம் உதவியது என்று தெரிந்துகொள்ளலாம். தேதி இருந்தால், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். அவருக்கு முப்பது வயதுக்குள் இருந்தால் இன்னும் நல்லது.